சில மில்லி லிட்டர் எண்ணெய்: மலைச் சைக்கிளின் முன் ஃபோர்க்கை வீட்டிலேயே சர்வீஸ் செய்ய

முன்சக்கரத்தைத் தாங்கி அதிர்வை வாங்கும் என் ஃபோர்க்கின் கீழ்க்கால்களை முதன்முறையாகக் கழற்றியபோது ஒரு பக்கத்திலிருந்து அரைத் தேக்கரண்டி கருத்த எண்ணெய் வந்தது. மறுபக்கத்திலிருந்து ஒரு சொட்டும் வரவில்லை. கீழ்க்காலின் வாயில் உள்ள ரப்பர் சீலுக்கு அடியில் எண்ணெயில் ஊறிக் கிடக்க வேண்டிய ஃபோம் வளையம் காய்ந்து, மண்ணேறி, அட்டைத் துண்டுபோல விறைத்திருந்தது. மேல்குழாயின் பின்புறத்தில் விரல் நீளத்துக்குப் பூச்சு தேய்ந்து வெள்ளி நிறம் தெரிந்தது. அந்தத் தேய்மானம் திரும்பவே திரும்பாது. இரண்டு ஆண்டுகள் நான் சங்கிலியைத் துடைத்தேன், டயரில் காற்று பார்த்தேன், பிரேக் பேடு மாற்றினேன். ஃபோர்க்கின் பக்கம் மட்டும் பயத்தால் போகவில்லை. உள்ளே என்னவோ வெடித்துச் சிதறும், மறுபடி பூட்டவே முடியாது என்று நினைத்திருந்தேன்.

அந்தப் பயத்தில் பாதி நியாயமானது, பாதி தேவையற்றது. இரண்டையும் பிரித்துக் காட்டவே இந்தக் கட்டுரை. ஃபோர்க்கில் நீங்கள் தாராளமாகக் கை வைக்கக்கூடிய பகுதி ஒன்று உண்டு, அதற்குத்தான் அடிக்கடி கவனிப்பும் தேவை. இப்போதைக்குத் தொடக்கூடாத பகுதி ஒன்றும் உண்டு. அதற்கான சர்வீஸ் அரிதாகவே வரும். முதல் பகுதியைச் சரியாகப் பார்த்துக்கொண்டால் இரண்டாவது பகுதி நெடுநாள் உழைக்கும்.

உள்ளே என்ன இருக்கிறது

ஹேண்டில்பாருக்குக் கீழே பளபளப்பாகத் தெரியும் இரண்டு குழாய்கள் மேல்குழாய்கள். கடைக்காரர்கள் இவற்றை ஸ்டாஞ்சன் என்பார்கள். பெரும்பாலும் அலுமினியத்தில் செய்து, கடினமான பூச்சு ஏற்றியிருப்பார்கள். விட்டம் 32, 34, 35, 36, 38 மில்லிமீட்டர் என்று ஃபோர்க்குக்கு ஃபோர்க் மாறும். புதிய சீல் வாங்கும்போது இந்த எண் தேவைப்படும். இந்தக் குழாய்கள் ஏறி இறங்கும் வெளிக்கூடுதான் கீழ்க்கால்கள். மேலே ஒரு வளைவால் இணைந்த ஒரே வார்ப்பு அது. சற்றே நல்ல ஃபோர்க்குகளில் அது மக்னீசியக் கலவையால் ஆனது. எடை குறைவு, ஆனால் போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கினால் தாங்காது.

பெரும்பாலான காற்று ஃபோர்க்குகளில், சைக்கிளில் உட்கார்ந்தவரின் இடது கைப்பக்கக் காலில் காற்று ஸ்பிரிங் இருக்கும். உடல் எடையைத் தாங்குவது அது. வலது காலில் டேம்பர் இருக்கும். எண்ணெயைச் சிறு துளைகள் வழியே தள்ளி, ஃபோர்க் எவ்வளவு வேகமாக அமுங்க வேண்டும், எவ்வளவு வேகமாக எழ வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்துவது அதன் வேலை. இரண்டின் தண்டுகளும் கீழே இறங்கி, ஒவ்வொரு காலின் அடியிலும் ஒரு போல்ட்டாலோ நட்டாலோ கீழ்க்காலோடு பூட்டப்பட்டிருக்கும்.

காற்று ஸ்பிரிங்கிற்குள்ளும் டேம்பருக்குள்ளும் இருக்கும் எண்ணெய் வேறு, கீழ்க்கால்களின் அடியில் தேங்கி நிற்கும் எண்ணெய் வேறு. புதியவர்கள் குழம்புவது இங்கேதான். கீழ்க்காலில் நிற்பது மசகு எண்ணெய் மட்டும். சவாரியில் அது மேலே தெறித்து ஃபோம் வளையத்தையும், உள்ளே மேல்குழாய் வழுக்கி ஓடும் புஷ் என்னும் வளையங்களையும் நனைக்கிறது. அளவு ஒரு காலுக்குப் பொதுவாக 5 முதல் 40 மில்லி லிட்டர் வரை, மாடலைப் பொறுத்தது. இவ்வளவு சிறிய அளவு என்பதால்தான் அது சீக்கிரம் அழுக்காகிறது, சீக்கிரம் தீர்ந்தும் போகிறது. நாம் இன்று செய்யப்போவது இந்த எண்ணெயை மாற்றி, ஃபோம் வளையங்களைக் கழுவி, சீல்களுக்குக் கிரீஸ் இடுவது, அவ்வளவே. டேம்பரைத் திறக்கப்போவதில்லை.

எப்போது செய்ய வேண்டும்

ராக்‌ஷாக்ஸ் நிறுவனம் கீழ்க்கால் சர்வீசை 50 மணி நேரச் சவாரிக்கு ஒருமுறை செய்யச் சொல்கிறது. ஃபாக்ஸ் நிறுவனம் முழு சர்வீசுக்கு 125 மணி நேரம் அல்லது ஓராண்டு, எது முதலில் வருகிறதோ அது என்கிறது. வாரத்துக்கு மூன்று மணி நேரம் ஓட்டுபவருக்கு 50 மணி நேரம் நான்கு மாதத்தில் வந்துவிடும். சேறிலும் மழையிலும் ஓட்டுபவர் அதற்கும் முன்பே திறந்து பார்க்கலாம். என் அனுபவத்தில் கணக்கைவிட நம்பகமான அடையாளம் ஒன்று உண்டு. சிறு கற்கள் மீது போகும்போது ஃபோர்க் முன்போல இளகாமல், முதலில் தயங்கிப் பிறகு சட்டென்று அமுங்கினால், உள்ளே வறண்டுவிட்டது.

தேவையான பொருள்கள்

வேலையைத் தொடங்கும் முன் உங்கள் ஃபோர்க்கின் மாடலையும் தயாரிப்பு ஆண்டையும் கண்டுபிடியுங்கள். ஃபோர்க்கில் எங்காவது ஒரு வரிசை எண் பொறித்திருக்கும். அதைக் கொண்டு நிறுவனத்தின் சர்வீஸ் கையேட்டை எடுத்துவிடலாம். எந்த எண்ணெய், எந்தக் காலுக்கு எத்தனை மில்லி லிட்டர், போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்ற மூன்று விவரங்களையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். இடது காலுக்கும் வலது காலுக்கும் அளவு வேறுபடலாம். நான் இங்கே தரும் எண்கள் புரிதலுக்காகத்தான், கையேடு சொல்வதே இறுதி.

கருவிகளில் முதலாவது, சஸ்பென்ஷனுக்கான உயர் அழுத்தக் காற்றுப் பம்பு. அடுத்து ஆலன் சாவிகள், உங்கள் ஃபோர்க்குக்கு ஏற்ற ஸ்பானர் அல்லது சாக்கெட், ரப்பர் அல்லது பிளாஸ்டிக் தலை கொண்ட சுத்தியல், ஊசி இல்லாத ஒரு சிரிஞ்சு, எண்ணெய் பிடிக்க அகலமான தட்டு, நூல் உதிராத துணி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், சஸ்பென்ஷனுக்கான கிரீஸ், குறிப்பிட்ட எண்ணெய், ரப்பர் கையுறை, கண்ணைக் காக்கும் கண்ணாடி. ராக்‌ஷாக்ஸ் ஃபோர்க்குகள் பலவற்றில் அடி போல்ட்டுகள் 5 மில்லிமீட்டர் ஆலன் சாவிக்கு வரும். ஃபாக்ஸில் பெரும்பாலும் காற்றுப் பக்கம் 10, டேம்பர் பக்கம் 15 மில்லிமீட்டர் நட்டுகள் இருக்கும்.

முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சை மட்டும் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலரும் இதைத் தவிர்க்கப் பார்ப்பார்கள். இந்த போல்ட்டுகளுக்கான முறுக்கு சுமார் 5 முதல் 7 நியூட்டன் மீட்டர். கை அளவுக்கு அது மிகச் சிறியது. சாதாரண ஆலன் சாவியால் "நன்றாக இறுக்கிவிட்டேன்" என்று நினைக்கும்போது பெரும்பாலானவர்கள் அதைத் தாண்டியிருப்பார்கள். ஒரு முறை மரை உரிந்தால் உள்ளே இருக்கும் தண்டையே மாற்ற நேரலாம். இந்த ஒரு கருவியில் கஞ்சம் பிடிக்காதீர்கள்.

அடி போல்ட்டுகளுக்கான புதிய நசுங்கு வாஷர்களையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பழைய வாஷர் ஏற்கெனவே ஒருமுறை நசுங்கிவிட்டது. மறுபடி பூட்டினால் எண்ணெய் கசியலாம்.

ஃபோர்க்கைச் சைக்கிளிலிருந்து எடுத்தல்

ஃபோர்க்கைச் சைக்கிளிலேயே வைத்தும் இந்த வேலையைச் செய்யலாம். முதன்முறை செய்பவர் கழற்றி எடுப்பதே நல்லது என்பேன். கையில் பிடித்துச் சாய்க்கவும், தலைகீழாக்கவும், வெளிச்சத்தில் பார்க்கவும் வசதியாக இருக்கும்.

முன்சக்கரத்தை எடுங்கள். பேடுகளைப் பிடித்திருக்கும் பிரேக் காலிபரை ஃபோர்க்கிலிருந்து கழற்றி, பேடுகளுக்கிடையே ஒரு பிளாஸ்டிக் தகட்டையோ மடித்த அட்டையையோ செருகுங்கள். சக்கரத்தின் பிரேக் தட்டான ரோட்டர் இல்லாதபோது யாராவது பிரேக் லீவரை அழுத்திவிட்டால் பிஸ்டன்கள் வெளியே வந்துவிடும். ரோட்டரையும் பேடுகளையும் வேலை செய்யும் இடத்துக்கு வெகு தூரத்தில் வையுங்கள். ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலே பேடு கெட்டுவிடும். பிறகு ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மின் மேல் மூடியைக் கழற்றி, ஸ்டெம் போல்ட்டுகளைத் தளர்த்தி, ஃபோர்க்கை ஒரு கையில் தாங்கியபடி கீழே இறக்குங்கள். ஃபோர்க் திரும்ப உதவும் ஹெட்செட்டின் பேரிங்குகளும் வளையங்களும் எந்த வரிசையில், எந்தப் பக்கம் பார்த்து இருந்தன என்பதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

குறித்துக்கொள்ள வேண்டிய எண்கள்

இப்போது ஒரு நிமிடம் நில்லுங்கள். பம்பை மாட்டி, இதுவரை எவ்வளவு காற்றழுத்தம் வைத்திருந்தீர்கள் என்று எழுதுங்கள். பிறகு ஃபோர்க் எழும் வேகத்தை மாற்றும் ரீபௌண்டு குமிழைக் கடிகாரச் சுற்றில் முழுவதும் மூடுங்கள். எத்தனை கிளிக் வந்தது என்று எண்ணிக் குறியுங்கள். அந்தக் குமிழ் பெரும்பாலும் வலது காலின் அடியில் இருக்கும், கழற்றியாக வேண்டும். எண்ணி வைக்காவிட்டால், பல மாதங்கள் ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடித்த பொருத்தம் போய்விடும்.

காற்றை வெளியேற்றுதல்

இந்தப் படியில் அவசரமே கூடாது. ஃபோர்க்கினுள் இருக்கும் காற்றின் அழுத்தம் டயரில் இருப்பதைப் போல இரண்டு மூன்று மடங்கு. அழுத்தம் இருக்கும்போது அடி போல்ட்டைக் கழற்றினால் தண்டு பாய்ந்து வெளியே வரலாம். கண்ணாடி அணிந்துகொண்டு வால்வு மூடியைத் திறந்து, வால்வின் நடு ஊசியை மெதுவாக, விட்டு விட்டு அழுத்துங்கள். சத்தம் நின்றதும் ஃபோர்க்கைப் பலமுறை அமுக்கி விட்டு, மறுபடி அழுத்துங்கள். இனி அமுக்கினால் எதிர்ப்பு இல்லாமல் தாழ வேண்டும், இழுத்தால் முழு நீளத்துக்கு எளிதாக வர வேண்டும்.

எல்லாக் காற்றும் போன பின்னும் ஃபோர்க் தானாகவே உள்ளே இழுத்துக்கொண்டால், காற்று ஸ்பிரிங்கின் பிஸ்டனுக்கு மறுபக்கம் உள்ள எதிர்ப்புறக் காற்று அறையில் இன்னும் அழுத்தம் இருக்கிறது. கொஞ்சம் காற்றடித்து, பத்து முறை அமுக்கி எழுப்பி, ஃபோர்க் நீண்ட நிலையில் இருக்கும்போது மிக மெதுவாக மறுபடி வெளியேற்றுங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் கொண்டு போங்கள். உள்ளே அழுத்தம் இருக்குமோ என்ற சந்தேகத்தோடு யாரும் ஃபோர்க்கைத் திறக்கக்கூடாது.

காற்றுக்குப் பதில் சுருள்கம்பி உள்ள காயில் ஸ்பிரிங் ஃபோர்க் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் படி இல்லை. மற்றவை ஏறக்குறைய இதே முறைதான்.

கீழ்க்கால்களைக் கழற்றுதல்

ரீபௌண்டு குமிழை எடுங்கள். சிலவற்றில் இழுத்தாலே வந்துவிடும், சிலவற்றில் ஒரு சிறு திருகு இருக்கும். தட்டைக் கீழே வைத்து, இரண்டு அடி போல்ட்டுகளையும் மூன்று நான்கு சுற்று மட்டும் தளர்த்துங்கள். முழுவதும் கழற்றிவிடாதீர்கள். உள்ளே தண்டின் முனை கீழ்க்காலில் இறுகப் பொருந்தியிருக்கும். போல்ட்டின் தலையை ரப்பர் சுத்தியலால் நேராக, உறுதியாக ஒரு தட்டுத் தட்டினால் அது விடுபடும். போல்ட் தலை மறுபடி கீழ்க்காலைத் தொட்டு நிற்கும், அதுவே விடுபட்டதன் அடையாளம். நட்டு வகை ஃபோர்க்காக இருந்தால், நட்டின் முகமும் தண்டின் முனையும் ஒரே மட்டத்துக்கு வரும் வரை தளர்த்திவிட்டுத் தட்டுங்கள். சுத்தியலின் அடி நட்டின் மீது விழட்டும், தண்டின் மரை மீது விழக்கூடாது.

இதன் பிறகு போல்ட்டுகளை முழுவதும் கழற்றுங்கள். எண்ணெய் வழியும். இரண்டு கால்களின் எண்ணெயையும் தனித்தனிக் கிண்ணத்தில் பிடிக்க முடிந்தால் நல்லது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். கீழ்க்கால்களை இரண்டு கையாலும் பிடித்து நேராக இழுத்தால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். வராவிட்டால் வளைவின் அடியில் சுத்தியலால் அடிக்காதீர்கள். ஒரு பக்கத் தண்டு இன்னும் விடுபடவில்லை என்பதே காரணம். அந்த போல்ட்டை மறுபடி சில சுற்று ஏற்றி, தட்டுங்கள்.

எண்ணெய் சொல்லும் செய்தி

துடைத்து எறிவதற்கு முன் அந்த எண்ணெயைப் பாருங்கள். சற்றே கருத்திருந்தால் இயல்பு. பாலில் கலந்ததுபோல வெளுத்திருந்தால் நீர் புகுந்திருக்கிறது. மேல்குழாயைத் துடைக்கும் வைப்பர் சீல்கள் ஓய்ந்திருக்கலாம், அல்லது நீங்கள் உயர் அழுத்த நீர்க் குழாயால் சைக்கிளைக் கழுவியிருக்கலாம். சீலின் மீது அந்த நீரை நேராக அடிக்காதீர்கள். வெள்ளித் துகள்கள் மின்னினால் எங்கோ உலோகம் தேய்கிறது.

டேம்பர் பக்கத்திலிருந்து கையேட்டில் சொன்னதைவிட மிக அதிகமாக எண்ணெய் வந்தால், டேம்பரின் சீல் கசிந்து அதன் எண்ணெய் கீழே இறங்கியிருக்கிறது என்று பொருள். தனித்தனிக் கிண்ணத்தில் பிடிக்கச் சொன்னது இதற்காகத்தான். அப்படியிருந்தால் இந்த சர்வீஸை முடித்துப் பூட்டினாலும், அடுத்ததாக ஃபோர்க் மெக்கானிக்கிடம் போக வேண்டும்.

துடைத்தல், பார்த்தல்

மேல்குழாய்களை ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, விரல் நகத்தை மேலிருந்து கீழாக மெதுவாக ஓட்டுங்கள். கண்ணுக்குத் தெரிந்தும் நகத்தில் தட்டாத கீறல் பெரிய விஷயமல்ல. நகம் சிக்கினால் அந்த இடம் ஒவ்வொரு அசைவிலும் சீலை அறுத்துக்கொண்டிருக்கிறது. அதை நிபுணரிடம் காட்டுங்கள். பூச்சு தேய்ந்து நிறம் மாறிய இடம் இருக்கிறதா என்று பின்புறத்திலும் பாருங்கள், உராய்வு அங்கேதான் அதிகம்.

சங்கிலிக்கும் பிரேக்குக்கும் பயன்படுத்தும் கடுமையான துப்புரவுத் திரவங்களை சீல்கள் மீது தெளிக்காதீர்கள். ரப்பரை அவை பாழாக்கிவிடும்.

கீழ்க்கால்களின் உட்புறத்தைத் துடைக்க ஒரு மரக்குச்சியின் நுனியில் துணியைச் சுற்றி உள்ளே விட்டுத் திருகுங்கள். துணி சுத்தமாக வெளியே வரும் வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். இரும்புக் கம்பி வேண்டாம். உள்ளே இருக்கும் புஷ்கள் மென்மையான பூச்சுக் கொண்டவை. இந்தத் துடைப்பில் பொறுமை காட்டுபவரின் ஃபோர்க்தான் நெடுநாள் ஓடும். புது எண்ணெயைப் பழைய மண்ணோடு கலந்து ஊற்றினால் சர்வீஸ் செய்ததே வீண்.

அடுத்து ஃபோம் வளையங்கள். வைப்பர் சீலின் உதட்டுக்குக் கீழே உள்ள பள்ளத்தில் அவை உட்கார்ந்திருக்கும். முனை மழுங்கிய பிளாஸ்டிக் குச்சியாலோ விரலாலோ மெதுவாக வெளியே இழுங்கள். ஆல்கஹாலில் அலசி, துணியில் வைத்துப் பிழிந்து, அழுக்கு வருவது நிற்கும் வரை திரும்பச் செய்யுங்கள். நன்கு உலர்ந்த பிறகு புது எண்ணெயில் ஊறவிடுங்கள். ஊறிய வளையத்தை அழுத்தினால் எண்ணெய் வழிய வேண்டும். பிறகு அதே பள்ளத்தில் முறுக்கில்லாமல், சுற்றளவு முழுவதும் சீராக உட்காருமாறு பொருத்துங்கள். கிழிந்திருந்தால் மாற்றிவிடுங்கள், மிகச் சிறிய உதிரி அது.

சீல் மாற்ற வேண்டுமா?

ஒவ்வொரு முறையும் வேண்டியதில்லை. உதடு வெடித்திருந்தால், தடித்துப்போயிருந்தால், சவாரிக்குப் பின் மேல்குழாயில் எண்ணெய் வளையம் அதிகமாகத் தெரிந்தால் மாற்றுங்கள். பழைய சீலை நெம்ப, தட்டையான ஸ்பானரின் நுனியை உதட்டுக்கு அடியில் கொடுத்து, கீழ்க்காலின் விளிம்பில் துணி மடித்து வைத்து நெம்புங்கள். மக்னீசிய விளிம்பு எளிதில் காயப்படும். புதிய சீலின் வெளிப்பக்கத்தைத் துடைத்து உலர்ந்த நிலையிலேயே செருகுங்கள், கிரீஸ் தடவினால் பின்னால் மேலேறி வரலாம். உரிய விட்டத்தில் செய்த சீல் அழுத்தியை வைத்து நேராகத் தட்டினால் இரண்டு தட்டில் உட்காரும். சாய்ந்து ஏறினால் எடுத்துவிட்டுத் திரும்பச் செய்யுங்கள், அடித்து நேராக்கப் பார்க்காதீர்கள்.

மீண்டும் பூட்டுதல்

சீல்களின் உள் உதட்டில் சஸ்பென்ஷன் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவுங்கள். இரண்டு உதடுகளுக்கும் இடையே உள்ள பள்ளம் நிரம்பினால் போதும், பிதுங்க வேண்டாம். புஷ்களின் மேலும் கொஞ்சம் தடவலாம். காற்றுத் தண்டையும் டேம்பர் தண்டையும் முழு நீளத்துக்கு வெளியே இழுத்து வையுங்கள்.

கீழ்க்கால்களை மேல்குழாய்கள் மீது ஏற்றும் தருணம்தான் முழு வேலையிலும் எனக்கு மிகவும் பிடித்தது, கவனமும் அங்கேதான் அதிகம் வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சீலுக்குள் நுழைய வேண்டும். உதடு உள்பக்கமாக மடிந்துவிட்டால் அன்றைக்கே கசிவு தொடங்கிவிடும். சற்றே முன்னும் பின்னும் அசைத்து, விரலால் உதட்டை வெளியே தள்ளிக்கொண்டே ஏற்றுங்கள். மேல் புஷ்ஷைக் குழாய் தாண்டியதும் ஒரு சிறு தடை தெரியும், கீழ் புஷ்ஷில் மறுபடி ஒரு தடை. பாதி தூரம் ஏறியதும் நிறுத்துங்கள். தண்டின் முனைகள் அடித் துளைகளைத் தொடக்கூடாது.

இப்போது ஃபோர்க்கை, அடித் துளைகள் மேலே பார்க்குமாறு சாய்த்துப் பிடியுங்கள். முழுச் செங்குத்தாக வேண்டாம், படுக்கை நிலையிலிருந்து சற்று உயர்ந்த சாய்வு போதும். சிரிஞ்சில் எண்ணெயை அளந்து, ஒவ்வொரு துளையிலும் உரிய அளவைச் செலுத்துங்கள். எண்ணெய் தண்டுக்குள் போகாமல், தண்டுக்கும் கீழ்க்காலுக்கும் இடைப்பட்ட வெளியில் போகுமாறு சிரிஞ்சின் முனையைப் பக்கவாட்டில் திருப்புங்கள். அதிகம் ஊற்றினால் நல்லது என்று நினைக்காதீர்கள். கீழ்க்காலுக்குள் இருக்கும் காற்று சுருங்க இடமில்லாமல் போய், ஃபோர்க் முழு தூரம் அமுங்க மறுக்கும்.

அதே சாய்வில் வைத்தபடியே கீழ்க்கால்களை, தண்டுகள் துளையில் தெரியும் வரை தள்ளுங்கள். தண்டு உள்ளே தள்ளப்பட்டுப் போனால், காற்றுப் பக்கத்தில் மிகக் குறைந்த காற்று அடித்தால் வெளியே வரும். துளையைச் சுற்றி வழிந்த எண்ணெயை முழுவதும் துடையுங்கள். இல்லாவிட்டால் பின்னால் கசிகிறதா, பழையது வழிகிறதா என்று தெரியாது. புதிய வாஷரோடு போல்ட்டுகளைக் கையால் முதலில் ஏற்றி, பிறகு டார்க் ரெஞ்சால் கையேட்டின் அளவுக்கு முறுக்குங்கள். ராக்‌ஷாக்ஸில் பெரும்பாலும் 7 நியூட்டன் மீட்டரை ஒட்டி, ஃபாக்ஸில் அதைவிடக் குறைவாக 5.6-ஐ ஒட்டி இருக்கும். ரீபௌண்டு குமிழை மாட்டி, குறித்து வைத்த கிளிக்கில் நிறுத்துங்கள்.

காற்று, சாக், சோதனை

காற்றை ஒரே மூச்சில் அடித்துவிடாதீர்கள். 50 பி.எஸ்.ஐ. (பம்பின் மானி காட்டும் அழுத்த அலகு) ஏற்றியதும் பம்பை மாட்டியபடியே ஃபோர்க்கைப் பத்து முறை ஆழமாக அமுக்குங்கள். எதிர்ப்புற அறைக்கும் காற்று போய்ச் சமநிலை வரும், மானி சற்று இறங்கும். இப்படியே படிப்படியாகப் பழைய அழுத்தத்துக்கு வாருங்கள்.

ஃபோர்க்கைச் சைக்கிளில் மாட்டும்போது, மேல் மூடியின் போல்ட் ஹெட்செட்டின் ஆட்டத்தை எடுப்பதற்கு மட்டுமே என்பதை நினைவில் வையுங்கள். ஆட்டம் போகும் வரை மெதுவாக இறுக்கி, ஹேண்டில் தடையின்றித் திரும்புகிறதா என்று பார்த்து, அதன் பிறகே ஸ்டெம் போல்ட்டுகளை அதன் மீது எழுதியுள்ள அளவுக்கு முறுக்குங்கள். காலிபரையும் அச்சையும் அவற்றுக்குரிய அளவுக்கு முறுக்குங்கள். முன் பிரேக்கைப் பிடித்தபடி சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டி, ஹெட்செட்டில் தட்டும் உணர்வு இல்லை என்று உறுதி செய்யுங்கள்.

சவாரி உடையோடு, பையோடு சைக்கிளில் ஏறி நின்று, மேல்குழாயில் உள்ள ரப்பர் வளையத்தைச் சீலோடு ஒட்டித் தள்ளிவிட்டு, மெதுவாக இறங்கிப் பாருங்கள். வளையம் நகர்ந்த தூரமே சாக். மொத்த அசைவில் 15 முதல் 20 விழுக்காடு என்பது நல்ல தொடக்கம். 140 மில்லிமீட்டர் அசையும் ஃபோர்க் என்றால் 21 முதல் 28 மில்லிமீட்டர்.

சவாரி முடிந்து வந்ததும் அடி போல்ட்டுகளை விரலால் தடவிப் பாருங்கள். ஈரம் இருந்தால் வாஷரைச் சரிபார்க்க வேண்டும். மேல்குழாயில் மெல்லிய எண்ணெய் வளையம் ஒன்று தெரிந்தால் அது நல்லதே, சீல் நனைந்திருக்கிறது.

எங்கே நிறுத்த வேண்டும்

டேம்பரை இப்போதைக்குத் திறக்காதீர்கள். ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்பது இந்த வேலைக்கு அப்படியே பொருந்தும். டேம்பருக்குள் ஒரு காற்றுக் குமிழி தங்கினாலும் அது சரியாக வேலை செய்யாது. அதற்கென உள்ள பிடிகள், காற்று நீக்கும் முறை, உரிய எண்ணெய் என்று வேறொரு படிப்பே இருக்கிறது. காற்று ஸ்பிரிங்கைக் கழற்றிச் சீல் மாற்றுவது அதைவிட எளிது. கீழ்க்கால் சர்வீஸை மூன்று நான்கு முறை செய்து கை பழகிய பிறகு அதைத் தொடலாம்.

பழைய எண்ணெயை ஒரு மூடியுள்ள குப்பியில் சேர்த்து, வாகன எண்ணெய் சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாதீர்கள். நாம் ஓட்டும் பாதைகளும் அந்த மண்தான். ஒரு சிறு துண்டுக் காகிதத்தில் இன்றைய தேதி, ஊற்றிய எண்ணெயின் அளவு, காற்றழுத்தம், ரீபௌண்டு கிளிக் ஆகியவற்றை எழுதி, கருவிப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை பெட்டியைத் திறக்கும்போது அது கண்ணில் படும்.